எட்டு மில்லிமீட்டர் மழை

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற வடிகால் பொறியாளர் ஒருவரின் பதில்கள்

முப்பத்தோரு வருடம் மழைநீர் வடிகால் வரைந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். போன இதழில், "நகரத்து ஓடையைக் கொல்வது பெரும்பாலும் பெருமழை இல்லை, சின்ன மழைதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, எனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டவை. மீதியிலிருந்து சில கேள்விகள் இங்கே.

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு ஓடை போகிறது. இரண்டு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிக் குப்பை அள்ளுகிறோம். அதில் கலந்த சாக்கடைக் குழாய்களையும் கண்டுபிடித்து அடைத்தாயிற்று. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் இல்லை, தவளை இல்லை, கரை மட்டும் வருடா வருடம் சரிகிறது. எங்கே தப்பு? (குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்)

பதில்: நீங்கள் செய்த வேலை எதுவும் வீண் இல்லை சார். அதைச் செய்யாமல் அடுத்த படிக்கே போக முடியாது. ஆனால் தப்பு ஓடைக்குள் இல்லை, உங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது.

வீடுகள் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்திருக்கும்? மரம், புதர், புல், சருகு, அதற்குக் கீழே புழு துளைத்த மண். அங்கே எட்டு மில்லிமீட்டர் மழை பெய்தால் தரைமேல் வழிந்து ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? அநேகமாக ஒரு சொட்டும் வராது. இலையும் சருகும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், மீதியை மண் குடித்துவிடும். அதில் ஒரு பங்கு வேர் வழியாகத் திரும்ப மேலே போய்விடும். இன்னொரு பங்கு மெதுவாகக் கீழே இறங்கி, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் கழித்து ஓடையின் அடியில் கசியும். மழையே இல்லாத நாளிலும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதே, அது இந்தக் கசிவுதான்.

இப்போது அதே எட்டு மில்லிமீட்டரை உங்கள் குடியிருப்பின் மேல் பெய்யவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு 800 லிட்டர். 300 வீடு என்றால் 2,40,000 லிட்டர். ஒரு கிலோமீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலச் சாலை இன்னொரு 48,000 லிட்டர் தரும். முதலில் விழுவதில் கொஞ்சம் கூரையையும் தாரையும் நனைப்பதற்கே போய்விடும், அதைத் தள்ளிவிடுவோம். மொத்தம் 12,000 லிட்டர் டேங்கர் லாரி 24. முன்பு ஒரு சொட்டும் வராத மழைக்கு இப்போது 24 லாரித் தண்ணீர், அரை மணி நேரத்துக்குள், ஒரே குழாய் வழியாக உங்கள் ஓடையின் பக்கவாட்டில் போய் மோதுகிறது. மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி வடிந்தும் விடுகிறது. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவிட்டு, "பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை" என்று நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள்.

பெருவெள்ளம் ஓடைக்குப் புதிது இல்லை. காட்டு ஓடைக்கும் எப்போதாவது ஒரு முறை வரும். பூச்சியும் மீனும் அதைத் தாங்கி, இடையில் கிடைக்கும் நீண்ட அமைதியில் மறுபடி பெருகிவிடும். அந்த இடைவெளியைத்தான் குழாய் பறித்துவிட்டது. வருடத்தில் பெய்கிற மழைகளில் பெரும்பாலானவை சின்ன மழைகள். அத்தனையும் இப்போது அடி. ஒவ்வொரு அடியிலும் படுகைச் சரளை உருள்கிறது, கரையின் பாதத்து மண் கொஞ்சம் போகிறது, மேலே இருப்பது தொங்கி ஒருநாள் சரிகிறது. நடுநடுவே நிலத்தடிக் கசிவும் குறைந்துவிட்டதால் வெயில் காலத்தில் ஓடை நூலாகிவிடும். ஓடை ஆராய்ச்சியாளர்கள் 2005-ஐ ஒட்டி இந்தக் குறிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நோய்ப் பெயரே வைத்துவிட்டார்கள்: நகர ஓடை நோய்த்தொகுப்பு.

அடுத்த ஞாயிறு இறங்கும்போது, ஓட்டம் இருக்கிற இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல ஓடை என்றால், அரிசி அளவுக்குத் தட்டையான சின்ன உயிர் ஒன்று, பின்னால் முடி போல மூன்று வால் விரிய, வெளிச்சத்தைக் கண்டு கல்லின் மறுபக்கம் ஓடும். மேஃபிளை என்கிற பூச்சியின் குஞ்சு அது. உங்கள் ஓடையில் அதற்குப் பதிலாக வழவழப்பான பச்சையும், அதில் நெளிகிற சிவப்புப் புழுவும்தான் இருக்கும் என்பது என் ஊகம். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகைதான். ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் அதை வைத்துச் சமாளித்துவிடும். மீன் வரவில்லையே என்று கேட்டீர்கள். மீனுக்கு இரையாகும் பூச்சி முதலில் வர வேண்டும்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் டாம் ஷூலர் என்ற நகர ஓடை வல்லுநர் 1994-ல் ஒரு கணக்கு முன்வைத்தார். ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம் கூரையும் தாரும் ஆனாலே ஓடை தளர ஆரம்பிக்கும், 25 தாண்டினால் மோசம் என்று. அதைப் படித்தால் நமக்கெல்லாம் நம்பிக்கையே போய்விடும். பிறகு மெல்பர்ன் பக்கத்து ஓடைகளில் ஆராய்ந்த கிறிஸ்டோபர் வால்ஷும் கூட்டாளிகளும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினார்கள்: எவ்வளவு கூரை இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு கூரை குழாய் வழியாக நேராக ஓடையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கூரையை இடிக்க முடியாது. குழாயை அவிழ்க்க முடியும். அங்கே லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் என்ற சின்ன ஓடைக்கு மேலே, வீடு வீடாகப் போய்த் தொட்டியும் மழைத்தோட்டமும் (வழிந்துவரும் தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான செடிப் பாத்தி) வைத்து இதைத்தான் செய்து பார்த்தார்கள்.

கேள்வி: கரைக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், அடியில் சிலாப் போட்டுவிட்டால் சரிவு நின்றுவிடும் அல்லவா?

பதில்: நிற்கும். ஓடையின் உயிரும் நின்றுவிடும். உராய்வு குறைந்த தொட்டியில் தண்ணீர் இன்னும் வேகம் எடுத்து, சுவர் எங்கே முடிகிறதோ அங்கே இருக்கிறவரின் கரையைத் தின்னும். உங்கள் தலைவலியை அவருக்கு மாற்றிவிட்டதுதான் மிச்சம்.

சிங்கப்பூரில் பிஷான் பூங்கா ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய் ஒன்று இருந்தது. அதை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து போகும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். கல்லும் செடியும் வேரும் கொண்டு கரையைக் கட்டினார்கள், பெருமழையில் தண்ணீர் பூங்காப் புல்வெளிமேல் பரவிக்கொள்ளும். சுவர் இல்லாமலும் கரையைப் பிடித்து வைக்கலாம் என்பதற்கு அது போதுமான சாட்சி. ஆனால் எல்லா இடத்திலும் அவ்வளவு அகலம் கிடைக்காது என்பதும் நிஜம். இடமே இல்லாத ஒரு குறுகலில் நாற்பது மீட்டர் சுவருக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்காக இன்றும் வருத்தப்படவில்லை.

கேள்வி: வானத்திலிருந்து விழுவது சுத்தமான தண்ணீர். சாலையில் ஓடுவதால் அதில் அப்படி என்ன விஷம் சேர்ந்துவிடும்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நல்ல கேள்வி அம்மா. இதற்கு ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ என்றொரு சால்மன் மீன். கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும். நகரத்து ஓடைகளுக்குத் திரும்பிய மீன்கள் மழை பெய்ததும் தடுமாறி, வாயைப் பிளந்து, முட்டை வயிற்றிலேயே இருக்க, சில மணி நேரத்தில் செத்தன. பூச்சிமருந்து, உலோகம், எண்ணெய், நோய் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 2020 டிசம்பரில் குற்றவாளியின் பெயர் வெளியானது. டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்க அதில் 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றில் இருக்கும் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. டயர் தேயத் தேய அந்தத் தூள் சாலையில் படிந்து கிடக்கும். மழை கழுவிக்கொண்டு போய் ஓடையில் விடும். இதில் விசித்திரம், அதே ஓடைக்கு வரும் சம் என்கிற இன்னொரு சால்மனை அது பெரிதாகப் பாதிப்பதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, பெயர் தெரிவதற்கு நாலைந்து வருடம் முன்பே அங்கே நடந்த ஒரு சோதனை. நெடுஞ்சாலையிலிருந்து வடிந்த தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றி மீனை விட்டால் மீன் செத்தது. அதே தண்ணீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்து ஊற்றினால் மீன் பிழைத்தது. விஷத்தின் பெயர் தெரியாமலேயே மண் அதைப் பிடித்துக்கொண்டது. நுண்ணுயிர்களும் கரிமப் பொருளும் உள்ள மண் ஒரு நல்ல வடிகட்டி. நாம் போட்ட குழாயோ, தண்ணீருக்கு அந்த மண்ணைத் தொடவே வாய்ப்புக் கொடுப்பதில்லை.

மீதிப் பட்டியலும் நீளம்தான்: பிரேக்கிலிருந்து செம்பு, கூரைத் தகட்டிலிருந்து துத்தநாகம், புல்வெளியிலிருந்து உரம், நாய்க் கழிவு, ஒழுகிய எண்ணெய். வாகன நிறுத்தத்தில் பூசும் கருப்புப் பூச்சு கூட. நிலக்கரித் தார் கலந்த அந்தப் பூச்சு ஓடை வண்டலில் சேர்வதைக் கண்டுபிடித்து டெக்சஸின் ஆஸ்டின் நகரம் 2006-லிருந்து அதைத் தடை செய்தது. அப்புறம், யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: சூடு. வெயிலில் கொதித்த தார்மேல் விழுந்து ஓடிவரும் முதல் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த ஓடையில் பழகிய பூச்சிக்கு அது வெந்நீர்.

கேள்வி: காரை எங்கே வைத்துக் கழுவுவது?

பதில்: புல்மேல். சாலையில் கழுவினால் மழையில்லாத நாளிலும் ஓடைக்குச் சோப்புத் தண்ணீர் போகும்.

கேள்வி: கூரைத் தண்ணீரைப் பிடிக்க 1,000 லிட்டர் தொட்டி வைத்துவிட்டேன். என் பங்கு முடிந்ததா?

பதில்: ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. இப்போது அந்தத் தொட்டி நிரம்பியா இருக்கிறது? ஆம் என்றால், ஓடையைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் தொட்டியே இல்லை.

100 சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழையில் 1,000 லிட்டர் நிரம்பிவிடும். அடுத்த மழை வரும்போது அது நிரம்பியே இருந்தால், வருகிற அத்தனையும் வழிகுழாய் வழியாகப் பழைய பாதைக்கே போகும். பலரும் தொட்டியைக் கஞ்சன் பெட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள், "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று. ஓடைக்கு வேண்டியது நிறைந்த தொட்டி இல்லை, காலி இடம்.

ஆகவே தினமும் செலவாகிற வேலைக்குத் தொட்டியை இணையுங்கள். கழிப்பறைதான் சிறந்தது. நான்கு பேர், ஆளுக்கு ஐந்து முறை, தடவைக்கு ஆறு லிட்டர் என்றால் நாளைக்கு 120 லிட்டர். எட்டு, ஒன்பது நாளில் தொட்டி காலி. செடிக்கு மட்டும் என்றால் சரிப்படாது. மழைக் காலத்தில் செடிக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?

கழிப்பறைக்கு இணைக்க முடியவில்லையா, சரி, ஒரு கைவேலை சொல்கிறேன். தொட்டியின் பாதி உயரத்தில் ஒரு சின்ன வால்வு பொருத்தி, அதைக் கொஞ்சமாகத் திறந்தே வைத்துவிடுங்கள். அதன் குழாயைச் செடிப் பாத்திக்குள் விடுங்கள், சாக்கடைக்குள் விட்டால் பயனில்லை. மேல்பாதி 500 லிட்டர் ஒரு நாளில் கசிய நிமிடத்துக்குச் சராசரியாக 350 மில்லி போதும். பாட்டிலும் கைக்கடிகாரமும் வைத்து அளந்துவிடலாம். கீழ்ப்பாதி உங்கள் கையிருப்பு, மேல்பாதி அடுத்த மழைக்கு. கசிகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, முன்பு சொன்னேனே, வாரக்கணக்கில் கழித்து ஓடையின் அடியில் போய்ச் சேரும் அந்தப் பாதையில் போகும். என் வீட்டு வால்வில் இலைத்தூசி அடைத்துக்கொண்டு இரண்டு முறை மக்கர் செய்தது. உள்பக்கம் ஒரு துண்டு வலை கட்டிய பிறகு தொல்லை இல்லை.

கேள்வி: மழைத்தோட்டம் போடச் சொல்கிறார்கள். தண்ணீர் தேங்கிக் கொசு வராதா? (வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாசகி)

பதில்: முட்டை கொசுவாகப் பறக்க வெதுவெதுப்பான தண்ணீரிலேயே ஒரு வாரம் அளவுக்கு ஆகும். ஒழுங்காகப் போட்ட மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் நிற்கும். மாடியில் கிடக்கும் பழைய டயரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

ஆனால் "ஒழுங்காகப் போட்ட" என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோண்டப் போகும் இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. நிறையத் தண்ணீர் ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். காய்ந்த மண் முதலில் ஆசையாகக் குடிக்கும், அதை நம்பக் கூடாது. இரண்டாவது முறை ஊற்றி, ஒரு குச்சியை நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கோடு போடுங்கள். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்றால் அருமை, 15 சென்டிமீட்டர் பள்ளம் ஆறு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் என்றாலும் பதினைந்து மணி நேரம்தான். அதற்கும் கீழே போனால் களிமண். மேல்மண்ணை மணல் கலந்து மாற்ற வேண்டும், இல்லை அடியில் துளைக்குழாய் ஒன்று விட வேண்டும்.

50 சதுர மீட்டர் கூரைக்கு ஐந்து சதுர மீட்டர் தோட்டம் போதும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 750 லிட்டர் பிடிக்கும். எட்டு மில்லிமீட்டர் மழையில் அந்தக் கூரையிலிருந்து வருவது 400 லிட்டர்தான். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போடுங்கள். நனைந்தாலும் காய்ந்தாலும் தாங்கும் செடி எது என்று உங்கள் கைக்கே தெரியும், என்னைக் கேட்காதீர்கள். நான் வைத்த செடியெல்லாம் என் மனைவி மாற்றி வைத்தவை.

கேள்வி: இதெல்லாம் செய்தால் வெள்ளம் வராதா?

பதில்: வரும். மழைத்தோட்டம் வெள்ளத்தை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011 ஜூலை 2-ஆம் தேதி கோபன்ஹேகனில் இரண்டு மூன்று மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஐந்து சதுர மீட்டர் பள்ளத்துக்கு அது எம்மாத்திரம்? அந்த அளவு மழைக்குத் தாழ்ந்த பூங்கா, தண்ணீர் போக விட்ட தெரு, பரவ விட்ட கரைவெளி என்று வேறு ஏற்பாடு வேண்டும். அந்த நகரம் அதற்குப் பிறகு அப்படித்தான் திட்டம் போட்டது. பெருமழை ஊருக்கு ஆபத்து, சின்ன மழை ஓடைக்கு ஆபத்து. இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்பதால்தான் நம் கூட்டங்கள் நள்ளிரவு வரை நீள்கின்றன.

கேள்வி: பக்கத்தில் பெரிய கட்டடம் எழும்புகிறது. மழை பெய்தால் ஓடை செம்மண் நிறமாகிவிடுகிறது. கட்டி முடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: நிறம் சரியாகும், ஓடை ஆகாது. கட்டுமானக் காலத்தில் காட்டு நிலத்தைவிடப் பல மடங்கு மண் ஓடைக்குப் போகும் என்று எம். கோர்டன் வோல்மன் என்ற அமெரிக்க ஆற்று ஆய்வாளர் 1967-லேயே எழுதியிருக்கிறார். அந்த மண் சரளையின் இடுக்குகளை அடைத்துவிடும். மூன்று வால் பூச்சி குடியிருக்கும் வீடே அந்த இடுக்குதான். கட்டி முடித்த பிறகோ, மண் வருவது நின்று தண்ணீர் மட்டும் வேகமாக வரும், படுகையைத் தோண்ட ஆரம்பிக்கும். திறந்த மண்ணை மூடி வைக்கவும், ஓரத்தில் வண்டல் தடுப்புத் துணி கட்டவும் இப்போதே கேளுங்கள்.

கேள்வி: இந்தக் குழாய்களையெல்லாம் போட்டதே உங்களைப் போன்றவர்கள்தானே? இப்போது ஊருக்கு உபதேசமா?

பதில்: ஆமாம், நாங்கள்தான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் மழையில் சாலையில் தண்ணீர் நிற்கக் கூடாது, அதுதான் எங்களுக்குக் கொடுத்த கணக்கு. பரப்பு, மழையின் வேகம், வழிந்தோடும் விகிதம், மூன்றையும் பெருக்கினால் உச்ச ஓட்டம் வரும், அதற்கேற்ற குழாயைப் போட்டுவிடுவோம். அந்தப் பெருக்கலில் ஓடைக்கு இடமே கிடையாது. வரைபடத்தில் அம்புக்குறி முடிகிற இடத்தில் "ஓடையில் விடுக" என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். நகரம் ஓடையை என்ன செய்யும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறைக்காக லூனா லியோபோல்ட் 1968-லேயே சின்ன வழிகாட்டி ஒன்று எழுதியிருந்தார். நான் பட்டம் வாங்குவதற்குப் பல வருடம் முந்தியது அது. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்புதான் படித்தேன்.

நான் வரைந்த ஒரு 900 மில்லிமீட்டர் குழாய், ஓடை திரும்புகிற வளைவில் போய் முடிகிறது. இப்போது அதன் வாய்க்குக் கீழே என் மார்பளவுக்குப் பள்ளம், எதிர்க்கரையில் ஒரு மரம் வேர் தெரியச் சாய்ந்து நிற்கிறது. அந்தத் தெருக்காரர்கள் அனுமதி வாங்கி, நடைபாதை விளிம்புக் கல்லை இரண்டு இடத்தில் வெட்டி, சாலைத் தண்ணீரை ஓரத்துப் பாத்திகளுக்குத் திருப்பியிருக்கிறார்கள். மட்டம் பார்த்துக் கொடுத்தது நான். அடுத்து வந்த மழையில் குடையோடு போய் நின்றேன். பாத்திகள் இரண்டும் கணுக்கால் அளவு நிரம்பி, மறுநாள் காலை காய்ந்திருந்தன. குழாய் என்னவோ வழக்கம்போல்தான் கொட்டியது. அதில் மொத்தம் பத்தொன்பது சாலை வடிகால் வாய்கள் சேர்கின்றன, நாங்கள் திருப்பியது இரண்டை. மூன்றாவதுக்கு இடம் பார்த்தாயிற்று. ஒரு மின்சாரப் பெட்டிதான் குறுக்கே நிற்கிறது.